விளக்கு எரிகிறது, எழுத்து வரவில்லை: பழைய கீபோர்டும் புது அடாப்டரும்

பெங்களூரு அல்சூரில் சித்தப்பா 1993-லிருந்து நடத்திவந்த டிடிபி கடையைப் போன வருடம் மூடிவிட்டார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, சங்கத்துத் துண்டறிக்கை என்று அந்தப் பக்கத்துத் தமிழர்கள் முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் அடித்து வாங்கினார்கள். மேஜை நாற்காலியெல்லாம் பழைய சாமான்காரரிடம் போன பிறகு, ஒரு துணிப்பையில் சுற்றி என் கையில் ஒன்றைக் கொடுத்தார். கனமான, பழுப்பேறிய கீபோர்டு, அடியில் பேர் அழிந்த ஸ்டிக்கர், சுருள் சுருளான ஒயர், அதன் நுனியில் கட்டைவிரல் தடிமனில் ஐந்து பின் உள்ள வட்டப் பிளக்.

"இதை என் லேப்டாப்பில் மாட்டிக் கொடுடா, புது கீபோர்டில் விரலே நிற்கமாட்டேங்குது."

ஒரு அடாப்டர் வாங்கினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்த மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்ததை, எலெக்ட்ரானிக்ஸ் பக்கமே போகாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அப்பாவின் பழைய ஆபீஸ் கீபோர்டையோ, சந்தையில் கிடைத்த ஐபிஎம் மாடல் எம்மையோ, வங்கி கவுன்ட்டரிலும் டிடிபி கடையிலும் டக்டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிவிஎஸ் கோல்டையோ வைத்துக்கொண்டு இதே இடத்தில் முட்டிக்கொள்பவர்கள் நிறைய.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியவேண்டும். பிளக்கின் வடிவம் வேறு, அதன் வழியாகப் பேசுகிற பாஷை வேறு. பிஎம்டிசி பஸ்ஸில் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டதால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்துவிடாது, இல்லையா? அடாப்டர் என்று கடையில் விற்பதில் பாதி, சீட்டில் இடம் பிடித்துக் கொடுப்பதோடு சரி. மொழிபெயர்ப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் வம்பே.

கீபோர்டு என்ன பேசுகிறது? எழுத்து என்பதே அதற்குத் தெரியாது. எந்த இடத்தில் இருக்கிற கீ அழுத்தப்பட்டது, எப்போது விடுபட்டது, இவ்வளவுதான் சொல்லும், அதையும் எண்ணாகத்தான் சொல்லும். இடது சுண்டுவிரல் ஓய்வெடுக்கிற அந்த கீயை, ஆங்கிலத்தில் ஏ எழுதியிருக்குமே, அதை அழுத்தினால் 28 என்று அனுப்பும். விட்டால் 240, பின்னாலேயே இன்னொரு 28. அந்த 28-ஐ ஆங்கில ஏ என்று காட்டுவதா, தமிழ்99 முறையில் அ என்று காட்டுவதா, டைப்ரைட்டர் முறையில் ய என்று காட்டுவதா என்பதெல்லாம் கணினியின் முடிவு. கீபோர்டுக்கோ அடாப்டருக்கோ அதில் பங்கே கிடையாது.

இந்த எண்கள் எல்லாக் கீபோர்டுக்கும் ஒன்றாக இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதே இல்லை. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதோடு வந்த கீபோர்டு பேசிய பாஷைக்கு இப்போது எக்ஸ்டி என்று பெயர். அதில் அதே ஏ கீ 28 அல்ல, 30. அது ஒருவழிப் பாதை, கீபோர்டு சொல்லும், கணினி கேட்டுக்கொள்ளும், திருப்பி எதுவும் சொல்லாது. 1984-ல் ஐபிஎம் ஏடி கணினி வந்தது. பிளக் அதே ஐந்து பின் வட்டம்தான், ஆனால் பாஷை மாறிவிட்டது. எண்கள் வேறு, ஒவ்வொரு எண்ணோடும் அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு பிட்டும் சேர்ந்தது, கணினியும் கீபோர்டிடம் திரும்பப் பேச ஆரம்பித்தது. ஏடி பாஷையில் 30 என்றால் ஏ இல்லை, மேல் வரிசையில் இருக்கிற 2. எக்ஸ்டி பாஷையில் 28 என்றால் என்டர். ஒருவர் ஏ என்று சொல்ல, மற்றவர் காதில் 2 என்று விழுகிற கதை. இதில் ஒரே மாதிரி பிளக்கை வேறு வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

1987-ல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு ஆறு பின் உள்ள சின்ன வட்டப் பிளக் வந்தது. பின்னாளில் ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு என்று வந்ததே, அதேதான். இங்கே நடந்தது நேர் எதிர். பிளக் மாறியது, பாஷை அதே ஏடி பாஷை. அதனால் பெரிய ஐந்து பின்னிலிருந்து சின்ன ஆறு பின்னுக்கு மாற்ற, உள்ளே வெறும் ஒயர் மட்டும் உள்ள அடாப்டர் போதும். எக்ஸ்டி கீபோர்டாக இருந்தால் அதே அடாப்டரில் பிளக் சமர்த்தாக உட்காரும், வேலைக்கு ஆகாது.

அப்புறம் 1996-ல் யூஎஸ்பி. இது அடியோடு வேறு குடும்பம். பழைய கீபோர்டு காய்கறி வண்டிக்காரர் மாதிரி, கீயை அழுத்தினால் அந்த நிமிஷமே கூவிவிடும். யூஎஸ்பியில் அப்படி யாரும் கூவக்கூடாது. கணினி சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வகுப்பு வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும், கூப்பிட்டவர் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்லி, இப்போது என்னென்ன கீ அழுந்தியிருக்கிறது என்று ஒரு பட்டியலைக் கொடுக்கவேண்டும். வண்டிக்காரரைக் கொண்டுபோய் வகுப்பில் உட்காரவைக்க, நடுவில் ஒரு ஆள் வேண்டும். கூவுவதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு, வாத்தியார் கூப்பிடும்போது ஒழுங்காக எழுந்து நின்று பதில் சொல்கிற ஆள். அந்த ஆள்தான் அடாப்டருக்குள் இருக்கவேண்டிய சின்ன சிப்.

முதல் ஞாயிறு நான் மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், அங்கே வண்டி மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்கு நடந்தேன். கீபோர்டை எடுத்துப்போகவில்லை, அதன் பிளக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன் (இது முதல் தவறு). கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும் டப்பாவில் கைவிட்டு இரண்டு சாமான் எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். ஒன்று ஐந்து பின்னிலிருந்து பிஎஸ்/2-வுக்கு. இன்னொன்று விரல் நீளத்துக்கு ஊதா நிறப் பிளக், ஒரு பக்கம் பிஎஸ்/2 ஓட்டை, மறுபக்கம் யூஎஸ்பி, நடுவில் ஒயரே கிடையாது.

"இது போதுமா அண்ணா, வேலை செய்யுமா?"

"ஆகுத்தே சார், ஆகுத்தே." கன்னடத்தில் ஆகும் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த ஊதாப் பிளக்குக்கு ஒரு முன்கதை உண்டு. யூஎஸ்பி பரவ ஆரம்பித்த காலத்தில், இரண்டு பாஷையும் தெரிந்த சிப்பை உள்ளே வைத்துக் கீபோர்டும் மவுஸும் செய்தார்கள். எதில் செருகியிருக்கிறார்கள் என்று அதுவே பார்த்துக்கொண்டு அதற்கேற்ற பாஷையில் பேசும். அப்படிப்பட்ட கீபோர்டோடு டப்பாவில் இலவசமாகப் போட்டுக்கொடுத்த பிளக்தான் இது. மொழிபெயர்ப்பு கீபோர்டுக்குள்ளேயே நடந்துவிடுவதால் பிளக்குக்குள் நாலு ஒயர் இருந்தால் போதும். அந்தக் கீபோர்டோடு பிரமாதமாக வேலை செய்யும். ஒரே பாஷை மட்டும் தெரிந்த 1990-களின் கீபோர்டோடு சேர்த்தால் ஒன்றும் நடக்காது.

ஒன்றும் நடக்காது என்று சொன்னேன், அது முழு உண்மை இல்லை. விளக்கு எரியும். அதுதான் என்னை ஒரு வாரம் அலையவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு அடாப்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து லேப்டாப்பில் செருகினால், கீபோர்டின் வலது மூலையில் நம்லாக், கேப்ஸ்லாக், ஸ்க்ரோல்லாக் மூன்று பச்சை விளக்கும் ஒருதரம் பளிச்சென்று எரிந்து அணைந்தன. ஆகா, உயிர் இருக்கிறது என்று சித்தப்பாவுக்கு போனே போட்டுவிட்டேன். அப்புறம் எந்தக் கீயைத் தட்டினாலும் திரையில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. லேப்டாப்பும் வாயே திறக்கவில்லை. இதே மாதிரி மாட்டினால் சில கணினி, இந்தச் சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு எச்சரிக்கை காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

விளக்கு ஏன் எரிந்தது? கீபோர்டு ஒயருக்குள் வேலை செய்வது நாலே இழைதான். 5 வோல்ட், கிரவுண்ட் இரண்டும் மின்சாரத்துக்கு, டேட்டா எண்களைக் கொண்டுபோக, கிளாக் அதற்குத் தாளம் போட. பழையதிலும் யூஎஸ்பியிலும் மின்சாரம் அதே 5 வோல்ட்தான், அதனால் வெறும் ஒயர் அடாப்டரும் மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மின்சாரம் வந்ததும் ஏடி, பிஎஸ்/2 வகைக் கீபோர்டு தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொண்டு, விளக்குகளைச் சிமிட்டிவிட்டு, நான் நலம் என்பதற்கு 170 என்ற எண்ணை அனுப்பும். அந்த 170-ஐக் கேட்க எதிர்முனையில் ஆள் இல்லை என்பது அதற்கு எங்கே தெரியும்? ஆகவே செருகியவுடன் வருகிற அந்தச் சிமிட்டல், மின்சாரம் வருகிறது, கீபோர்டின் சிப் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதற்குமேல் அதில் அர்த்தம் தேடாதீர்கள்.

உபயோகமான விளக்கு கேப்ஸ்லாக் விளக்கு. ஏடி காலத்திலிருந்து அந்த விளக்கைக் கீபோர்டு தானாக எரியவிடுவதில்லை. கேப்ஸ்லாக்கை அழுத்தினால் அதன் எண் கணினிக்குப் போகும், கணினி யோசித்து "சரி, விளக்கைப் போடு" என்று கட்டளையைத் திருப்பி அனுப்பும், அதற்கப்புறம்தான் எரியும். எனவே கேப்ஸ்லாக்கைத் தட்டித் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் போகவும் வரவும் பேச்சு நடக்கிறது, அடாப்டர் நல்ல அடாப்டர், பாஷையும் பொருந்திவிட்டது, இனி பாக்கி இருக்கிற கோளாறு எதுவானாலும் கீபோர்டுக்குள்தான். செருகும்போது சிமிட்டியும் கேப்ஸ்லாக்குக்கு அசையவில்லையா, சந்தேகத்தை முதலில் அடாப்டர் மேல் வையுங்கள். சிமிட்டவே இல்லையென்றால் மின்சாரமே வரவில்லை என்று ஒயரைப் பாருங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனை எனக்கு முதல் வாரமே தெரிந்திருந்தால் இரண்டாவது தடவை சிக்பேட்டை போனபோதாவது வாயைத் திறந்து சரியானதைக் கேட்டிருப்பேன்.

அடாப்டருக்குள் சிப் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்னொரு வழி, அதைத் தனியாக, கீபோர்டு இல்லாமல், கணினியில் செருகிப் பார்ப்பது. சிப் உள்ள அடாப்டர் தானே ஒரு யூஎஸ்பி சாதனம், பின்னால் யாரும் இல்லாவிட்டாலும் கணினியிடம் "நான் ஒரு கீபோர்டு" என்று ஆஜர் சொல்லிவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செருகினால், கீபோர்டுகள் என்ற தலைப்பின் கீழ் புதிதாக ஒரு வரி முளைக்கும். லினக்ஸ்காரர்கள் யூஎஸ்பி பட்டியலைக் காட்டும் கட்டளையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். வெறும் ஒயர் அடாப்டரைத் தனியாகச் செருகினால் கல் மாதிரி கிடக்கும். கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடலாம், லேப்டாப்பை எடுத்துப்போங்கள். பார்த்த மாத்திரத்தில் சொல்லவேண்டுமென்றால், ஒரு சாண் ஒயரும், நடுவிலோ நுனியிலோ தீப்பெட்டி மாதிரி ஒரு வீக்கமும், ஊதாவும் பச்சையுமாக இரண்டு ஓட்டையும் இருந்தால் பெரும்பாலும் சிப் உள்ளதுதான். பெரும்பாலும்தான், சத்தியம் பண்ணமாட்டேன்.

இரண்டாம் ஞாயிறு அந்த மாதிரி ஒன்றை வாங்கிவந்தேன். தனியாகச் செருகினேன், டிவைஸ் மேனேஜரில் புது வரி வந்தது. கீபோர்டை மாட்டினேன். எழுத்து வரவில்லை. கேப்ஸ்லாக்கைத் தட்டினால் கணினிப் பக்கத்தில் அசைவே இல்லை. போன வாரம் அடாப்டரைத் திட்டினேன், இந்த வாரம் யாரைத் திட்டுவது?

கீபோர்டைத் திருப்பிப் போட்டேன். அடியில் ஒரு மூலையில், தூசு அடைத்த சின்னப் பள்ளம். பல் குத்தும் குச்சியால் தூசைத் தள்ளினால் உள்ளே அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு ஸ்விட்ச், அதன் ஒரு பக்கம் எக்ஸ் என்றும் மறுபக்கம் ஏ என்றும் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கிறது. ஸ்விட்ச் எக்ஸ் பக்கம் நின்றுகொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த பல கீபோர்டுகளில் இது உண்டு, வாங்குபவர் வீட்டில் எக்ஸ்டி கணினி இருக்குமோ ஏடி இருக்குமோ தெரியாதே என்று இரண்டையும் வைத்துவிட்டார்கள். கடையை மூட்டை கட்டும்போது எதிலாவது இடித்து நகர்ந்திருக்கும். ஒயரைக் கழற்றி, ஸ்விட்சை ஏ பக்கம் தள்ளி, மறுபடி மாட்டினேன். இந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சில கீபோர்டுகள் மின்சாரம் வருகிற கணத்தில் மட்டும்தான் பார்க்கும், அதனால் கழற்றி மாட்டுவது முக்கியம். மூன்று விளக்கும் சிமிட்டின. கேப்ஸ்லாக்கைத் தட்டினேன், எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த ஒரு கீயையே ஒரு இருபது தடவை தட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்து அறையிலிருந்து "போதும்" என்று குரல் வரும்வரை.

உங்களுடையதில் அந்த ஸ்விட்ச் இல்லாமல், எக்ஸ்டி மட்டுமே பேசுகிற கீபோர்டாக இருந்தால் (83 கீயும், இடது பக்கம் இரண்டு வரிசையாகப் பங்ஷன் கீயும் உள்ள ஐபிஎம்மின் முதல் கீபோர்டு அப்படித்தான்), கடையில் கிடைக்கிற சாதாரண பிஎஸ்/2 அடாப்டர் எதுவும் உதவாது. அதற்கு எக்ஸ்டியும் புரிகிற மாற்றி வேண்டும். ப்ரோ மைக்ரோ என்ற சின்ன போர்டை, ஏடிமெகா32யூ4 சிப் உள்ளதில் 5 வோல்ட் வகையைப் பார்த்து வாங்கி, நாலு ஒயரைப் பற்றவைத்து, சோரர்ஸ் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால், எக்ஸ்டியா ஏடியா என்று அதுவே பார்த்து மாற்றிக் கொடுக்கும். கிளாக் ஒயர் போர்டில் 3 என்று போட்ட இடத்துக்கு, டேட்டா 2-க்கு, மற்ற இரண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும். டிஎம்கே, க்யூஎம்கே என்ற மென்பொருள்களிலும் இதே வசதி இருக்கிறது. சால்டரிங் பழக்கம் உள்ளவருக்கு ஒரு சாயந்திர வேலை. இதில் இன்னொரு லாபம், எந்தக் கீ எதுவாக மாறவேண்டும் என்பதை அடாப்டருக்குள்ளேயே எழுதிவைக்கலாம். பழைய 101 கீ கீபோர்டில் விண்டோஸ் கீ கிடையாதே, உபயோகப்படாத ஏதாவது ஒன்றை அதற்குக் கொடுத்துவிடலாம். சாதா அடாப்டர் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் இதையே செய்யலாம்.

ஐந்து பின் வட்டத்தைப் பார்த்ததும் கீபோர்டு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். மிடி என்று இசைக்கருவிகளில் வருகிற பிளக்கும் அச்சு அசல் இதேதான். பழைய ஆப்பிளின் நாலு பின், சன் கணினிகளின் எட்டு பின், பெரிய கணினிகளின் டெர்மினல் கீபோர்டுகள் எல்லாம் தனித்தனி ஜாதி, அவற்றுக்கு அடாப்டரும் தனி. பிளக் உள்ளே போகவில்லையென்றால் அழுத்தித் திணிக்காதீர்கள், பின் வளைந்தால் நேராக்குவது நரகம்.

சரி, ஒயருக்கு வருவோம். சிமிட்டலே வரவில்லை என்றால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கிற பீப் சத்தத்தில் வைத்து, அடாப்டரின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்கலாம். பெரிய பிளக்கில் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 மின்சாரம். சின்ன பிளக்கில் அவை முறையே 5, 1, 3, 4. இங்கே ஒரு குழி இருக்கிறது. பெரிய பிளக்கில் பின்கள் வளைவில் வரிசையாக நின்றாலும் எண்கள் வரிசையாக ஓடாது, 1, 4, 2, 5, 3 என்றுதான் போகும். நடுவில் நிற்பது 3 இல்லை, 2. இதைத் தெரியாமல் எண்ணிவிட்டு, நல்ல அடாப்டரைக் குப்பையில் போட இருந்தேன். அடாப்டர் சரியாக இருந்தும் விளக்கு விட்டு விட்டு வந்தால், ஒயர் கீபோர்டுக்குள் நுழைகிற இடத்தைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் மடங்கி மடங்கி இழை அறுவது அந்த ஓரங்குலத்தில்தான்.

மின்சாரம் போதாமல் போவதும் உண்டு. இன்றைய கீபோர்டுகளைவிடப் பழையவை அதிகம் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட், ஒரு சாதனத்துக்குத் தொடக்கத்தில் 100 மில்லிஆம்பியர்தான் தரும், கேட்டு அனுமதி வாங்கினால்தான் 500 வரை. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மாட்டினால் இருக்கிறதையும் பங்குபோட்டுக்கொள்ளவேண்டும். மூன்று விளக்கும் சேர்ந்து எரியும்போது மங்குகிறது, திடீரென்று கீபோர்டு தானாக மறுபடி சிமிட்டுகிறது என்றால் ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். சில அடாப்டர்களுக்கு வரிசையும் முக்கியம், முதலில் கீபோர்டை அடாப்டரில் மாட்டி, அப்புறம் அடாப்டரை யூஎஸ்பியில் செருகினால்தான் விழித்துக்கொள்ளும். மேஜைக் கணினியில் நிஜமான பிஎஸ்/2 ஓட்டை இருந்து அதில் மாட்டுவதாக இருந்தால், கணினியை அணைத்துவிட்டு மாட்டவும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருக அது செய்யப்பட்டதல்ல, மதர்போர்டில் ஒரு ஃபியூஸ் போனால் அந்த ஓட்டையே போயிற்று.

இப்போது பேச்சு நடக்கிறது, ஆனால் சில எழுத்து மட்டும் வரவில்லை. அடாப்டரை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். எண்களை மொழிபெயர்க்கிற சிப்புக்கு, கே என்ற ஒரு கீ மட்டும் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் திரைக் கீபோர்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கீயாக அழுத்தினால், அழுத்திய கீ திரையிலும் நிறம் மாறும், எது மாறவில்லையோ அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். 101 கீக்கு 101 ஒயர் உள்ளே கிடையாது. துணியில் ஊடும் பாவும் போல குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் ஓடும், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கீ. மாடல் எம்மில் 16 கோடும் 8 கோடும். ஒரே ஒரு கீ செத்திருந்தால் அந்தச் சந்திப்பில் அழுக்கோ துருவோ. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தோன்றும் ஐந்தாறு கீ சேர்ந்து செத்திருந்தால், அவற்றையெல்லாம் தாங்கிய ஒரு கோடு எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக் தாள் போர்டில் செருகுகிற முனையில். அந்த முனையைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மறுபடி செருகினாலே பாதி நேரம் சரியாகிவிடும். இன்னொன்று, மூன்று நாலு கீயை ஒன்றாக அழுத்தும்போது ஒன்று வராமல் போவது பழுதே அல்ல, இந்தக் குறுக்குக் கோட்டு ஏற்பாட்டின் இயல்பு.

சித்தப்பாவுடையதில் ஸ்பேஸ்பாரும், ஆங்கில என் எழுதிய கீயும் மட்டும் தகராறு செய்தன. தனித்தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு அது. மூடிகளை மேல்நோக்கி இழுத்தால் கையோடு வந்துவிட்டன, அடியில் இருந்ததைச் சொல்லவேண்டும்: இருபது வருஷத்து ஊதுபத்திச் சாம்பல், ஒரு ஸ்டேப்ளர் பின், ஒரு உடைத்த கடலை. ஸ்விட்ச் வாயில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, நூறு நூற்றைம்பது தடவை அழுத்தி அழுத்தி விட்டு, ஒரு ராத்திரி காயவைத்தேன். அந்த எழுத்துக் கீ சரியாகிவிட்டது. ஸ்பேஸ்பாருக்கு இரண்டு சுற்று வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிறு அல்சூருக்கு எடுத்துப்போனேன். லேப்டாப்பில் மாட்டி, கேப்ஸ்லாக்கை எரித்துக் காட்டி, தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல்களைப் பழைய இடத்தில் வைத்து, டைப்ரைட்டிங் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்களே, யளனகப, அதைத் திரையைப் பார்க்காமல் அடித்தார். நிமிர்ந்து பார்த்தால் அ, இ, உ என்று என்னென்னவோ நிற்கிறது.

"டேய், இன்னும் ரிப்பேராத்தான்டா இருக்கு."

"இல்லை சித்தப்பா, கீபோர்டு சரியாத்தான் சொல்லுது. லேப்டாப்பில் தமிழ்99 வெச்சிருக்கேன், அதான்."

டைப்ரைட்டர் முறைக்கான மென்பொருளை இறக்கிப் போட்டுக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மறுபடி அடித்தார். இந்தத் தடவை யளனகப என்றே வந்தது. அவர் நிறுத்தாமல் அடுத்த வரியில் யாரோ ஒருவரின் புதுமனை புகுவிழா அழைப்பிதழை, தேதி இடம் காலியாக விட்டு, மனப்பாடமாக அடிக்க ஆரம்பித்திருந்தார்.